ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு உடற்பயிற்சி: நாற்காலியிலிருந்து தொடங்குங்கள்

எடைக் குறைப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களில் பலர் முதல் ஆறு மாதம் உடற்பயிற்சி பக்கமே போவதில்லை. போகத் தோன்றாது. ஒன்றும் செய்யாமலே எடை இறங்கிக்கொண்டிருக்கும். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிடும், பார்க்கிறவர்கள் எல்லாம் இளைத்துவிட்டாய் என்பார்கள். பிறகு எதற்கு விடிகாலையில் எழுந்து நடக்க வேண்டும் என்று நினைப்பது இயல்புதான். அப்படி நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இறங்கும் எடை முழுவதும் கொழுப்பு இல்லை. ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எடுத்துவிடுகிறார்கள். மிச்சமுள்ள இரைப்பையில் ஒரு இட்லி இறங்குவதே பெரிய பாடு. சாப்பாடு அந்த அளவுக்குக் குறையும்போது உடம்பு கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கிறது. குறைகிற எடையில் கால் பங்கு வரைகூட இப்படிக் கொழுப்பல்லாத பாகமாக இருக்கலாம். தொடையில்தான் இது முதலில் தெரியும். முப்பது கிலோ இறங்கிய ஒருவர், பாயிலிருந்து எழுந்திருக்க முன்பைவிட அதிகமாகக் கையை ஊன்றுவார். ஆபரேஷன் ஆகி ஒன்று, ஒன்றரை வருடத்தில் எடை இறங்குவது நின்றுவிடும். பசியும் மெல்லத் திரும்பும். அப்போது எடை மறுபடி ஏறாமல் இருக்க, காப்பாற்றி வைத்த தசையும் பழகிப்போன நடையும்தான் கைகொடுக்கும்.

அதனால் எடையைக் குறைக்கும் வேலையை ஆபரேஷன் பார்த்துக்கொள்ளட்டும். தசையைக் காக்கும் வேலையை நாம் பார்ப்போம். இதை ஏற்றுக்கொண்டால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்கிற வரிசையே மாறிவிடும்.

எனக்கு மதுரையில் தெப்பக்குளம் பக்கம் வீடு. நாற்பது தாண்டியபின் லேப்ராஸ்கோப்பி முறையில் ஸ்லீவ் செய்துகொண்டேன். அப்போது சர்க்கரை இருந்தது, பி.பி. இருந்தது, இரண்டு முழங்காலிலும் வலி. நாள் முழுக்கக் கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. நான் டாக்டர் இல்லை. இங்கே சொல்லும் கால அளவுகள், சிக்கல் ஏதும் இல்லாமல் வீடு திரும்பியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுபவை. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் சர்ஜன் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பிக்கிறது

ஆபரேஷன் நடந்த அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுப்பி நடக்கச் சொல்வார்கள். ஈவு இரக்கமில்லாமல் விரட்டுகிறார்கள் என்று தோன்றும். ஆனால் அசையாமல் படுத்திருந்தால் காலின் ஆழ ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதைத் தடுக்கத்தான் இந்த நடை. படுத்திருக்கும்போதும் பாதத்தை முன்னும் பின்னும் மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள். தோள்பட்டையில் ஒரு வலி வரும், பயப்பட வேண்டாம். வயிற்றை விரிப்பதற்காக உள்ளே செலுத்திய வாயுவால் உதரவிதானம் எரிச்சலடைந்து வரும் வலி அது. எழுந்து நடக்க நடக்கக் குறையும்.

மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியும் தருவார்கள். அதை நாம் எல்லோரும் முதலில் ஊதத்தான் பார்ப்போம். எனக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண், “அக்கா, ஊதாதீங்க, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுற மாதிரி மூச்சை உள்ள இழுங்க” என்று நின்று சொல்லிக்கொடுத்தார். பந்து மேலே ஏறியதும் இரண்டு மூன்று விநாடி மூச்சைப் பிடித்து, மெதுவாக விட வேண்டும். நுரையீரலின் அடிப்பகுதி விரியவும் சளி கட்டாமல் இருக்கவும் இது உதவும். வீட்டுக்கு வந்தபிறகும் கொஞ்ச நாள் செய்யுங்கள்.

முதல் மாதம்

ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடக்கப் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடமாக ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை போதும். ஹாலில், வாசலில், மொட்டைமாடியில் நடக்கலாம். வாரா வாரம் ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டே போனால், மாதக் கடைசியில் இருபது நிமிடம் சேர்ந்தாற்போல் நடக்க வந்துவிடும்.

முதல் நான்கு முதல் ஆறு வாரம் நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்வார்கள். கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவோம். ஆனால் நம் வீட்டில் எதெல்லாம் ஐந்து கிலோவுக்கு மேல் என்று யாரும் பட்டியல் தருவதில்லை. தண்ணீர் நிறைந்த குடம் பத்து கிலோவுக்கு மேல். ஈரத் துணி நிறைந்த வாளி அதற்கும் மேல். கிரைண்டர் கல், மாவு நிறைந்த பெரிய பாத்திரம், அரிசிச் சிப்பம், தூக்கச் சொல்லிக் கை நீட்டும் பேரக் குழந்தை, எல்லாம் தள்ளித்தான். கேஸ் சிலிண்டரைக் காலியாக இருந்தாலும் தொடாதீர்கள். காலி சிலிண்டரே பதினைந்து கிலோ இருக்கும். இன்னொன்று, ஸ்கூட்டர். சென்டர் ஸ்டாண்டு போடும்போது அடிவயிற்றில் எவ்வளவு இழுக்கும் என்பது போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓட்ட அனுமதி கிடைத்தபிறகும் கொஞ்ச காலம் சைடு ஸ்டாண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் பெண்கள் படுத்திருப்பதை யாரும் நெடுநாள் பொறுப்பதில்லை. இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள், வீட்டில் எல்லோரும் படிக்கட்டும்.

படுக்கையிலிருந்து எழும்போது நேராக எழாமல், ஒருபக்கமாகத் திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், ஓயாத படபடப்பு, காய்ச்சல், நிற்காத வாந்தி இவற்றில் எது வந்தாலும் பயிற்சியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தண்ணீரும் மாத்திரையும்

நடந்துவிட்டு வந்து ஒரு செம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்த காலம் போய்விட்டது. இனி வாய் வாயாகத்தான் குடிக்க முடியும். சாப்பாட்டோடு சேர்த்தும் குடிக்கக் கூடாது, சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். ஆகவே ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் உள்ளே போக வேண்டுமென்றால் திட்டம் போட்டால்தான் நடக்கும். மதுரை வெயிலில் தாகம் எடுத்தபிறகு குடித்து ஈடுகட்ட நம் வயிற்றில் இப்போது இடமில்லை. நான் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரைப் பத்து பதினைந்து நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டுத்தான் செருப்பையே மாட்டுவேன். நடக்கும்போது கையில் சின்ன பாட்டில். சித்திரை, வைகாசியில் ஆறரை மணிக்குள் நடையை முடித்துவிடுவேன். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் அன்றைக்கு நடையைவிடத் தண்ணீர் முக்கியம்.

வியர்வை அதிகம் போன நாளில் உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. குளுக்கோஸ் பவுடர், கரும்புச் சாறு, கலர் பானங்கள் வேண்டாம். இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் இன்னொரு வகை எடைக் குறைப்பு ஆபரேஷன்) செய்தவர்களுக்குச் சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்கி, படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று படுத்திவிடும். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் திரவமாக உள்ளே போகும் கலோரிதான் வயிறு நிறையாமல் நழுவிப் போய்ச் சேருவது.

மாத்திரை விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. எடை குறையும்போது சர்க்கரையும் பி.பி.யும் சேர்ந்து இறங்கும். பழைய அளவிலேயே மாத்திரை போட்டுக்கொண்டு வேகமாக நடந்தால் தலைசுற்றும், கண் இருட்டும். இன்சுலினும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போகலாம். வேக நடை ஆரம்பிக்கும் முன் ஒரு வாரத்துக்கு பி.பி.யும் சர்க்கரையும் பார்த்து எழுதி, அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். அளவைக் குறைப்பதை அவரே முடிவு செய்யட்டும். நடக்கும்போது கை நடுங்கி வியர்த்தால் என்ன சாப்பிட வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் போய் வலி மாத்திரை என்று கேட்டால் டைக்ளோஃபெனாக்கோ இபுப்ரோஃபெனோ எடுத்துக் கொடுப்பார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு அந்த வகை இரைப்பை இணைப்பில் புண் உண்டாக்கும். ஸ்லீவ் செய்தவர்களும் சர்ஜனைக் கேட்காமல் போடக் கூடாது. பெரும்பாலும் பாரசிட்டமால்தான் அனுமதிப்பார்கள்.

இனி நாற்காலி

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம் ஊரில் உடற்பயிற்சி என்றாலே வாக்கிங். தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் எத்தனை பேர், புடவையும் ஷூவுமாக எத்தனை பெண்கள்! பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். நடை இதயத்துக்கு நல்லது, மனசுக்கு ரொம்ப நல்லது. ஆனால் தசையைக் காக்க நடை மட்டும் போதாது. தசைக்குப் பாரம் வேண்டும். டாக்டர் சரி என்றதும், பொதுவாக ஆறாவது வாரத்துக்குப் பிறகு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் பலம் கூட்டும் பயிற்சி செய்யுங்கள். நேரமே இல்லையென்றால் நடையைக் குறைத்தாவது இதைச் செய்யுங்கள் என்பேன்.

ஜிம் தேவையில்லை. கை வைக்காத மர நாற்காலி ஒன்று போதும். பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கிறதென்றால் முதுகுப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் வழுக்கும். ஆரம்பத்தில் ஒரு தலையணையைப் போட்டு உயரமாக்கிக்கொள்ளுங்கள். இருக்கையின் முன்பாதிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்கள் இடுப்பகலத்தில், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். முகம் கால்விரலுக்கு நேர்மேலே வரும்வரை இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். குதிகாலை அழுத்தி, மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்கள். தொடைக்கு உண்மையான வேலை அந்த இறக்கத்தில்தான். மூச்சை அடக்காதீர்கள், அடக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும்.

எட்டுத் தடவை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு. சுலபமாகிவிட்டால் பன்னிரண்டு. அதுவும் சுலபமானால் தலையணையை எடுத்துவிடுங்கள். அப்புறம் கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுங்கள். அதன்பின் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு தடவை கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டமே இல்லையென்றால் பாரம் போதவில்லை என்று கொள்ளுங்கள். முழங்காலில் குத்துவது போல் வலித்தால் உயரத்தைக் கூட்டுங்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள். எடை குறையக் குறைய முழங்காலே உங்களுக்கு நன்றி சொல்லும். ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது.

இதோடு சுவரில் கை ஊன்றித் தள்ளும் தண்டால், தோள் உயரத்துக்குப் பாட்டில் தூக்குவது, ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுப்பது, குதிகாலைத் தூக்கி நிற்பது. எல்லாம் சேர்த்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். எலும்புக்கும் இது வேண்டும். இந்த ஆபரேஷன்களுக்குப் பிறகு எலும்பின் அடர்த்தி குறைவதுண்டு, பாரம் தாங்கும் பயிற்சி அதைத் தாங்கிப் பிடிக்கும்.

வயிற்றுக்கான பயிற்சிகளை, அதாவது படுத்து எழும் சிட்டப் வகையை, சர்ஜன் சொல்லும்வரை தொடாதீர்கள். தொங்கும் தோலை அது ஏற்றிவிடும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். தோல் வேறு, தசை வேறு. மடிப்புகளில் வியர்வை தங்கினால் புண்ணாகும். குளித்ததும் மடிப்பை விலக்கி ஈரமில்லாமல் துடையுங்கள். தொடை உரசும் இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். சுடிதார் பேண்டுக்குள் முழங்கால் வரையிலான இறுக்கமான பருத்தி ஷார்ட்ஸ் போட்டால் உரசலே இருக்காது. விலை உயர்ந்த ஷூவை ஆரம்பத்திலேயே வாங்காதீர்கள், எடை இறங்கும்போது ஷூவும் தளர்ந்துபோகும்.

சாப்பாடு இல்லாமல் தசை இல்லை

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்று டயட்டீஷியன் எழுதித் தருவார். ஒரு முட்டையில் ஆறு கிராம். நூறு கிராம் பனீரில் சுமார் பதினெட்டு. வெந்த கோழி நூறு கிராமில் இருபத்தைந்துக்கு மேல். அரைக் கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏழு. கூட்டிப் பார்த்தால் இட்லியும் ரசம் சாதமும் எங்குமே கொண்டுபோய்ச் சேர்க்காது என்பது தெரியும். தட்டில் முதலில் முட்டை, மீன், பருப்பு, பனீர். அப்புறம் காய். சோறு கடைசியில், இடமிருந்தால். என் மாமியார் முதலில் முகம் சுளித்தார், சோறில்லாமல் ஒரு சாப்பாடா என்று. இப்போது அவரே அயிரை மீன் குழம்பு வைத்தால் மீனை எடுத்து எனக்குத் தனியாக வைக்கிறார்.

விட்டமின் மாத்திரைகளை நிறுத்தவே கூடாது. இரும்பையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் போடாமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வழக்கமான நடைக்கே மூச்சு வாங்கினால், கை கால் மரத்துப்போனால், சோம்பல் என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். ஹீமோகுளோபின், பி12, டி விட்டமின் பாருங்கள். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு இரும்பு வேகமாக இறங்கும்.

வழக்கமாக்குவது

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம்தான் மிதம். மூன்று பத்து நிமிடங்களும் அரை மணி நேரக் கணக்குதான். நேரம் கிடைக்கும்போது செய்யலாம் என்று வைத்தால் கிடைக்கவே கிடைக்காது. தினமும் தவறாமல் நடக்கும் ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். எனக்கு நாற்காலிப் பயிற்சி, சாயங்காலம் விளக்கேற்றியதும். திங்கள், புதன், வெள்ளி. காலை நடை, பால் பாக்கெட் எடுத்து வைத்ததும். தெப்பக்குளம் ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். முதலில் ஒரு சுற்றோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவேன், இப்போது மூன்று. ஆபீசில் மணிக்கொரு முறை எழுந்து நிற்கிறேன், தண்ணீர் பாட்டிலை வேண்டுமென்றே தள்ளி வைத்திருக்கிறேன்.

துணைக்கு ஒருவர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. என் வீட்டுக்காரர் வரமாட்டார், தூக்கம் பெரிது. பக்கத்து வீட்டு அக்கா வருகிறார். அவருக்கு ஆபரேஷன் இல்லை, முழங்கால் வலிதான். இருவரும் ஒருவருக்காக ஒருவர் எழுகிறோம்.

ஊர் வாய்க்கும் தயாராக இருங்கள். “என்னம்மா இப்படி இளைச்சுட்ட, சுகர் முத்திருச்சா?” என்று வழிமறித்துக் கேட்பார்கள். ஆபரேஷன் விஷயத்தை எல்லோரிடமும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. “நல்லா இருக்கேன்க்கா, நடக்கிறேன்” என்று சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போய்விடலாம்.

தராசை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். மூன்றாவது வாரத்தையொட்டியும், அதன்பின் அவ்வப்போதும் எடை அசையாமல் நிற்கும், எல்லோருக்கும் நடப்பதுதான். அதற்காகச் சாப்பாட்டை இன்னும் குறைத்தால் தசைதான் போகும். தராசுக்குப் பதில் மாதம் ஒருமுறை, முப்பது விநாடியில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழ முடிகிறது என்று எண்ணி காலண்டரில் குறித்து வையுங்கள். எடை நின்றுபோன மாதத்திலும் இந்த எண் ஏறும்.

இடையில் விட்டுப்போவதும் நடக்கும். காய்ச்சல் வரும், வீட்டில் கல்யாணம் வரும், ஐப்பசி மழை வரும், தைப்பூசத்துக்குத் தெப்பக்குளம் முழுக்கக் கூட்டமாகிவிடும். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் பாதியிலிருந்து தொடங்குங்கள். மூன்று சுற்று நடந்தவர் ஒன்றரைச் சுற்று, பன்னிரண்டு தடவை எழுந்தவர் ஆறு தடவை. இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடலாம். மழை நாளில் நடை போனாலும் நாற்காலி வீட்டுக்குள்தான் இருக்கிறது, அதை மட்டும் செய்துவிட்டு அன்றைய புரதக் கணக்கையும் முடித்துவிடுங்கள்.